கையெழுத்துப் போட்ட ப்ரூஃப் ஒரு நிறம், வந்த கேட்டலாக் வேறு நிறம்

அச்சக மேலாளருக்கு,

வணக்கம். நவராத்திரி விற்பனைக்காக உங்களிடம் அச்சடிக்கக் கொடுத்த பட்டுப்புடவை கேட்டலாக், 32 பக்கம், 1000 பிரதி, நேற்று மயிலாப்பூரில் என் கடைக்கு வந்து சேர்ந்தது. அதில் ஒன்றைக்கூட வாடிக்கையாளர் கையில் கொடுக்க முடியாது.

போன் செய்தபோது உங்கள் ஆள் சொன்ன பதில், "மேடம், ஸ்க்ரீன்ல தெரியிற கலர் பிரிண்ட்ல அப்படியே வராது." அது எனக்கும் தெரியும். மானிட்டர் சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கலந்து காட்டுகிறது, நீங்கள் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மையை வைத்து அடிக்கிறீர்கள், பளிச்சென்ற சில நிறங்கள் அந்த நாலு மைக்குள் அடங்கவே அடங்காது. வாடாமல்லிப் புடவை ப்ரூஃபிலேயே, அதாவது முன்கூட்டி எடுத்த மாதிரி அச்சிலேயே, கொஞ்சம் மங்கித்தான் இருந்தது, சரி என்று ஒத்துக்கொண்டேன். என் புகார் ஸ்க்ரீனைப் பற்றியதே இல்லை. நீங்கள் காகிதத்தில் எடுத்துக் கொடுத்த ப்ரூஃபைப் பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு புடவைக்கும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேனே, அந்த ப்ரூஃபோடு கேட்டலாக் ஒத்துப்போகவில்லை.

8, 9ஆம் பக்கங்களைத் திறந்து பாருங்கள். எம்.எஸ். சுப்புலட்சுமியால் பெயர் பெற்ற எம்.எஸ். நீலத்தில் ஒரே புடவை, இரண்டு பக்கத்திலும் விரிந்து கிடக்கிறது. இடது பக்கத்தில் உடல் ஓரளவு நீலம், வலது பக்கத்தில் முந்தி கத்தரிப்பூ நிறம். மடிப்பு வரைக்கும் ஒரு நிறம், மடிப்பைத் தாண்டினால் இன்னொன்று. இந்த இரண்டு பக்கமும் வேறு வேறு ஷீட்டில் ஓடியிருக்கும், ஒன்றில் மெஜந்தா ஏறிவிட்டது. நீலத்தில் மெஜந்தா கொஞ்சம் கூடினாலே ஊதாவாகத் திரும்பிவிடும், இது மிஷின் ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஓடும்போது அவ்வப்போது ஒரு ஷீட்டை உருவி, ப்ரூஃபுக்குப் பக்கத்தில் வைத்து, ஓரத்தில் இருக்கும் நிறக் கட்டங்களை, அந்த கலர் பாரை, மை அடர்த்தி அளக்கும் டென்சிட்டோமீட்டரில் அளந்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

அப்புறம் பேப்பர். இதுதான் எனக்குத் தாங்கவே முடியவில்லை. கொட்டேஷனில் இருப்பது 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 130 கிராம்) மேட் ஆர்ட் பேப்பர், கோட்டிங் உள்ள தாள். வந்திருப்பது கோட்டிங் இல்லாத மேப்லித்தோ, விரலால் தடவினாலே தெரிகிறது. கோட்டிங் இல்லாத தாள் மையை உறிஞ்சும், புள்ளிகள் பரவும், அரக்கு மாதிரி அடர்ந்த நிறங்களின் உயிரே போய்விடும். ஜரிகை வெறும் பழுப்பாகிவிட்டது. உங்கள் டிசைனர் கேட்டபடி ஆர்ட் பேப்பருக்கான ஃபோக்ரா 39 என்ற நிற அமைப்பில், அந்த ப்ரொஃபைலில்தான் ஃபைல்களைக் கொடுத்தேன். அதையே கோட்டிங் இல்லாத தாளில் அடித்தால் நிறம் எப்படி நிற்கும்? ஸ்டாக் இல்லையென்றால் எனக்கு ஒரு போன் செய்திருக்கலாம், அந்தத் தாளுக்கு ஏற்றபடி ஃபைலை மாற்றி, வேறு ப்ரூஃப் பார்த்திருப்போம், அல்லது வேண்டாம் என்றிருப்பேன்.

வெளியூர்க்காரர்கள் இந்த கேட்டலாக்கைப் பார்த்துத்தான் புடவை எடுக்கிறார்கள். நீலம் என்று பார்த்தவருக்கு வேறு நீலம் போய்ச் சேர்ந்தால் புடவை திரும்பி வரும், அவர் அடுத்த முறை என்னிடம் கேட்கவே மாட்டார். காஞ்சிபுரத்தில் தறியில் உட்கார்ந்து நெய்தவரின் உழைப்பும் இதில் இருக்கிறது.

எனக்கு வேண்டியது, பேசியபடி அதே ஆர்ட் பேப்பரில், உங்கள் செலவில், முழு மறு அச்சு. முதல் ஷீட் வரும்போது நான் மிஷின் பக்கத்தில் இருப்பேன், பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஓட்ட வேண்டும். அந்த ஷீட்டை உங்கள் ஹாலின் டியூப்லைட்டில் பார்க்க மாட்டேன், அச்சுத் துறைக்கென்று இருக்கும், பகல் வெளிச்சம் போன்ற 5000 கெல்வின் விளக்கு வேண்டும். இப்போது ஓட்டியதில் ஓரம் வெட்டாத, கலர் பார் உள்ள ஷீட்கள் மிச்சமிருந்தால் கழிவில் போடாமல் எனக்கு அனுப்புங்கள், வெளியே அளந்து பார்க்கப் போகிறேன். நவராத்திரிக்கு முன் முடியாது என்றால் கொடுத்த பணம் முழுவதும் திரும்ப வர வேண்டும். இரண்டும் இல்லையென்றால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்வேன். கொட்டேஷன், கையெழுத்திட்ட ப்ரூஃப், 8, 9ஆம் பக்கங்களின் படம் மூன்றையும் இணைத்திருக்கிறேன். பதிலை எழுத்தில் அனுப்புங்கள், போனில் வேண்டாம்.