எந்தப் புற்றுநோய் டாக்டர்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் நாள்பட்ட ரத்தப் புற்றுநோயைப் பற்றி முழுப் பக்கம் எழுதிவிட்டு, 'அருகிலுள்ள புற்றுநோய் மருத்துவரை அணுகவும்' என்று முடித்திருக்கிறீர்கள். எந்தப் புற்றுநோய் மருத்துவரை? கட்டியை வெட்டி எடுப்பவர் வாசலிலும் கதிர்வீச்சு கொடுப்பவர் வாசலிலும் அதே பலகைதான் தொங்குகிறது. இந்த நோயில் வெட்டக் கட்டி இல்லை. கதிர்வீச்சுக்கும் பெரும்பாலும் வேலை இல்லை. பார்க்க வேண்டியவர் டி.எம். கிளினிக்கல் ஹெமட்டாலஜி என்ற மேல்பட்டம் படித்த ரத்தவியல் நிபுணர். அவர் இல்லாத ஊரில் டி.எம். மெடிக்கல் ஆன்காலஜி, அதாவது புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை படித்தவர். இதைச் சொல்ல இரண்டு வரி போதும். அதே பக்கத்தில் அரைப்பக்க ஆஸ்பத்திரி விளம்பரத்துக்கு இடம் இருந்ததே!

நாள்பட்ட ரத்தப் புற்றுநோயின் இரு வகைகளான சி.எம்.எல்.லையும் (மைலாய்டு வகை) சி.எல்.எல்.லையும் (லிம்போசைட் வகை) ஒரே நோய்போல எழுதியிருப்பது அதைவிட மோசம். சி.எல்.எல்.லில் வெள்ளணு லட்சத்தைத் தாண்டினாலும் அது ஒன்றே மருந்து தொடங்கக் காரணம் ஆகாது. ஹீமோகுளோபினும் தட்டணுவும் இறங்குகின்றனவா, லிம்போசைட் என்ற வெள்ளணு வகை ஆறு மாதத்துக்குள் இரட்டிக்கிறதா, எடை 10 சதவீதம் குறைந்ததா என்று பார்த்துக் காத்திருப்பார் விவரம் தெரிந்தவர். கவுன்ட்டைக் கண்டு மிரண்டு உடனே கீமோ எழுதுகிறவரும் உண்டு. புற்றணுக்களில் 17பி, டிபி53 என்ற மரபணுக் கோளாறு இருந்தால் பழைய கீமோ சரியாகக் கேட்காது. மருந்து தொடங்கும் முன் அந்தப் பரிசோதனையைக் கேட்காத டாக்டரிடம் தொடராமல் இருப்பது நல்லது.

சி.எம்.எல்.லில் தொல்லை வேறு. அதற்கான இமாடினிப் மாத்திரை 400 மி.கி. எழுதித்தர யாராலும் முடியும். ரத்த கவுன்ட் சில வாரங்களில் இறங்கிவிடும், 'குணமாகிவிட்டது' என்று நோயாளி மாத்திரையை விடுவார். உண்மையில் பார்க்க வேண்டியது நோயை உண்டாக்கும் பி.சி.ஆர்-ஏபிஎல் (BCR-ABL) மரபணுவின் அளவு. 3 மாதத்துக்கு ஒருமுறை, சர்வதேச அளவுகோலில், முடிந்தவரை ஒரே லேபில். 3ஆம் மாதம் 10 சதவீதத்துக்குள், ஓராண்டில் 0.1 சதவீதத்துக்குள் வர வேண்டும். வராவிட்டால் மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று விசாரித்து, பிறகு மியூட்டேஷன் (மரபணு மாற்றம்) பரிசோதனை. டி315ஐ என்ற மாற்றம் வந்தால் இமாடினிப் மட்டுமல்ல, அடுத்த மாத்திரைகளான டசாடினிபும் நிலோடினிபும் கேட்காது. மண்ணீரல் இடது விலாவுக்குக் கீழே எத்தனை செ.மீ. என்று மாத்திரைக்கு முன்பே அளந்து எழுத வேண்டும். பிறகு அது சுருங்கிவிடும், நோய் எவ்வளவு தீவிரம் என்ற அபாயக் கணக்குப் போட முடியாது.

முன்பு ஒருமுறை 'சி.எம்.எல். நான்காம் நிலை' என்று தலைப்புப் போட்டீர்கள். அதற்கு அப்படி எண் போட்ட நிலைகளே கிடையாது. பப்பாளி இலைச் சாற்றுக்கு இரண்டு பத்தி ஒதுக்கினீர்கள். அப்போது எழுதிய கடிதம் வெளிவரவில்லை, இடப்பற்றாக்குறையாக இருக்கும்.

கேட்பது பெரிதில்லை. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் அந்த இரண்டு பட்டங்களின் பெயரைத் திருத்தமாகப் போடுங்கள். சீட்டில் உள்ள பதிவு எண்ணைக் கொண்டு தேசிய மருத்துவ ஆணையப் பதிவேட்டில் டாக்டரைச் சரிபார்க்கலாம் என்பதையும், மாதாந்திர ரத்தப் பரிசோதனையை உள்ளூர் டாக்டரிடமே வைத்துக்கொண்டு வேலூருக்கோ அடையாறுக்கோ ஜிப்மருக்கோ 3 மாதத்துக்கு ஒருமுறை போகலாமா என்று நிபுணரிடம் கேட்கலாம் என்பதையும் சேர்த்தால் புண்ணியம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்