பாட்டியிடம் சந்தா கேட்காதீர்கள்

டிவிஷன் 3 கான்ஃபரன்ஸ் கமிஷனர்களுக்கும் கல்லூரித் தலைவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். சீசன் முடிந்துவிட்டது. அடுத்த நவம்பரில் பந்து மறுபடி மேலே போவதற்குள் நீங்கள் எடுக்கப்போகும் முடிவுகளில் ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆண்கள் கூடைப்பந்து ஆட்டங்களின் லைவ் ஸ்ட்ரீமுக்குச் சந்தா வாங்குவது பற்றிய முடிவு அது. சில கான்ஃபரன்ஸ்கள் (தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் குழுக்கள்) ஏற்கெனவே அந்தப் பக்கம் போய்விட்டன. ஓஹையோவில் நான் பின்தொடரும் அணி ஆடும் கான்ஃபரன்ஸும் அதில் சேர்ந்துவிட்டது. போகாதவர்கள் போகாதீர்கள், போனவர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பி வந்துவிடுங்கள். கேட்க வந்தது இவ்வளவுதான்.

இதன் ஆங்கில வடிவம் உங்கள் அலுவலகங்களுக்குத் தனியாக வரும். தமிழில் எழுத ஒரு காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் தமிழ் வாசகர்களுக்குக் கொஞ்சம் பின்னணி சொல்ல வேண்டும். நீங்கள் அந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து என்றதும் நம்மவர்கள் நினைப்பது மார்ச் மாதத்தில் டிவியில் வரும் பெரிய பல்கலைக்கழகங்களின் திருவிழாவை. அது டிவிஷன் 1. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. 1973-இல் தன்னை மூன்று பிரிவாகப் பிரித்துக்கொண்டது. மூன்றாவது பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை ஒரு டாலர் கூடக் கிடையாது. படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ப மற்ற மாணவர்களுக்குக் கிடைப்பதே ஆட்டக்காரனுக்கும். பஸ்ஸில் ராத்திரி ஊர் திரும்பி, காலை எட்டு மணிக்கு கெமிஸ்ட்ரி லேபில் நிற்கும் பையன்கள். கல்லூரிகளின் எண்ணிக்கையில் மூன்று பிரிவுகளிலும் பெரியது இதுதான், நானூறுக்கும் மேல். ஆனால் என்.சி.ஏ.ஏ. வருமானத்தில் இந்தப் பிரிவுக்கு ஒதுக்கப்படுவது 3.18 சதவீதம்.

இனி உங்களிடமே பேசுகிறேன்.

இந்த ஆட்டத்துக்கு ரசிகர் என்று யார் வருகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆட்டக்காரர்களின் அப்பா அம்மா, பழைய மாணவர்கள், ஓய்வுபெற்ற பேராசிரியர்கள், பாப்கார்னுக்காக வரும் பக்கத்துத் தெருப் பிள்ளைகள். இதில் எதிலும் சேராத என்னைப் போன்ற ஆட்களும் சிலர் உண்டு. வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவன் நான். குளிர்காலத்தில் மாலை ஐந்தரைக்கே இருட்டிவிடும் ஊரில் விளக்கு எரிந்த ஒரே பெரிய கட்டடம் கல்லூரி ஜிம் என்பதால் உள்ளே போனேன். முதலில் பெண்கள் ஆட்டம், அது முடிந்ததும் ஆண்கள் ஆட்டம். இரண்டுக்கும் ஒரே டிக்கெட்.

ஒரு சீசனைத் தொடர்ந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்பதை ஒரே ஒரு பெரிய ஆட்டம் பார்க்கிறவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. நவம்பரில் முதலாம் ஆண்டுப் பையன் பந்தைப் பிடித்ததும் யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் தடுமாறுவான். டிசம்பரில் தேர்வுக்காக ஆட்டங்கள் நின்றுவிடும். புத்தாண்டு முடிந்து அணி திரும்பும்போது விடுதிகள் காலியாக இருக்கும். மாணவர் கூட்டமே இல்லாமல் இரண்டு மூன்று ஆட்டங்கள் நடக்கும். ஷூ தரையில் தேயும் சத்தமும் பயிற்சியாளர் போடும் சத்தமும் மட்டும்தான். அணியின் உண்மையான குணம் அப்போதுதான் தெரியும் என்பது என் கட்சி. ஜனவரியில் கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் சூடு பிடிக்கும். பெரும்பாலும் புதன், சனி. ஒரே எதிரியோடு சொந்த ஊரில் ஒருமுறை, அங்கே போய் ஒருமுறை. பிப்ரவரியில் சீனியர் டே: நான்காம் ஆண்டுப் பையன்கள் பெற்றோரோடு கோர்ட்டின் நடுவில் வந்து நிற்பார்கள், அம்மாக்களுக்குப் பூங்கொத்து. நவம்பரில் தடுமாறிய பையன் அதற்குள் மூன்றாம் பாஸை யோசித்துவிட்டு முதல் பாஸைக் கொடுக்கிறவனாகியிருப்பான். இத்தனையும் சுமார் 25 ஆட்டங்களுக்குள் நடந்து முடிந்துவிடும். பிறகு கான்ஃபரன்ஸ் போட்டி. அதற்கும் பிறகு ஒரு திங்கட்கிழமை தேசியப் போட்டிக்கான 64 அணிகளின் பட்டியல் வரும். அதில் நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்கள் கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கே போய்விடுவதால் மிச்ச இடங்களுக்கு நடக்கும் கணக்குச் சண்டை தனி ரசம். 2024-25 சீசனில் அணிகளைத் தரவரிசைப்படுத்தும் என்.பி.ஐ. என்ற கணக்குமுறை வந்த பிறகு, யார் யாரை வென்றால் நமக்கு எத்தனை தசமம் ஏறும் என்று கூட்டிக் கழிக்கும் பெரியவர்களைக் கேலரியில் பார்க்கிறேன். மருமகன் சம்பளத்தைக் கூட இவ்வளவு அக்கறையாக விசாரித்திருக்க மாட்டார்கள்.

இந்த 25 ஆட்டத்தில் பாதி வெளியூரில். அங்கேதான் ஸ்ட்ரீம் வருகிறது.

உங்கள் ஸ்ட்ரீமின் தரத்தைப் பற்றி நானும் மற்றவர்களும் எவ்வளவோ கிண்டல் செய்திருக்கிறோம். முக்காலியில் ஒரே ஒரு கேமரா, அதைத் திருப்பும் மாணவனுக்கு வேகமான எதிர்த்தாக்குதல் வந்தால் கை பின்தங்கிவிடும். ஸ்கோர் கட்டம் சில நேரம் முதல் பாதியிலேயே நின்றுபோகும். வர்ணனை சொல்லும் பையன் எதிரணி ஆட்டக்காரரின் பெயரை மூன்று விதமாக உச்சரிப்பான், மூன்றும் தப்பாக இருக்கும். ஆனால் இலவசம். அதனால் யாரும் முகம் சுளித்ததில்லை. மாதச் சந்தா வாங்கத் தொடங்கிய பிறகும் கேமரா அதே கேமராதான், பையனும் அதே பையன்தான். ஒன்று மட்டும் மாறிவிட்டது: பொறுமையாகப் பார்த்தவர்கள் இப்போது நுகர்வோர் ஆகிவிட்டார்கள்.

இப்போது தமிழில் எழுதும் காரணம். எங்கள் அணியில் ஒரு தமிழ்ப் பையன் ஆடினான். பெஞ்சிலிருந்து எழுந்து வந்து நான்கைந்து நிமிடம் ஆடுகிறவன்தான், நட்சத்திரம் இல்லை. அவனுடைய பாட்டி திருச்சியில் இருக்கிறார். இங்கே இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் அங்கே மறுநாள் காலை ஆறு மணி. ஃபில்டர் காபி போட்டுக்கொண்டு டேப்லெட்டைச் சமையலறை மேடையில் சாய்த்துவைத்துப் பார்ப்பாராம். ஃபவுல் என்றால் என்ன என்பது முதல் சீசனிலேயே பிடிபட்டுவிட்டது. பேரனை இடித்தால் ஃபவுல், பேரன் இடித்தால் இல்லை. சந்தா வந்த பிறகு அந்தப் பக்கம் திறக்கவில்லை. அவருடைய வங்கி அட்டையை அந்த நிறுவனத்தின் தளம் ஏற்கவில்லை; மகன் இங்கிருந்து கணக்குத் தொடங்கிக் கொடுத்து, கடவுச்சொல் மறந்து, மீட்கும் குறியீடு மகனின் போனுக்கு வந்து, அவர் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்து... விட்டுவிட்டார்கள். ஒரு சந்தா உங்களுக்கு எத்தனை டாலர் தந்தாலும், நீங்கள் இழந்த பார்வையாளர் இவர். இவரைப் போன்றவர்கள் ஒவ்வொரு அணிக்கும் இருக்கிறார்கள். ஆட்டக்காரர்கள் டெக்சாஸிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருகிறார்கள். அங்கேயும் பாட்டிகள் உண்டு.

கல்லூரிக்குப் பணம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும்தான். பென்சில்வேனியாவின் கப்ரினி 2012-இல் டிவிஷன் 3 இறுதி ஆட்டம் வரை வந்தது. விஸ்கான்சின்-வைட்வாட்டரிடம் 63-60 என்று மூன்று புள்ளியில் தோற்றது. 2024-இல் அந்தக் கல்லூரியே மூடப்பட்டது. அணி இல்லை, ஜிம் இல்லை, சீனியர் டே இல்லை. உங்களில் பலர் இரவில் தூங்காமல் எண்ணிக்கொண்டிருப்பது மாணவர் சேர்க்கையைத்தான் என்பது புரிகிறது. அதனால்தான் சொல்கிறேன், சேர்க்கைக்கு உங்களிடம் இருக்கும் கடைவாசல் இந்த ஸ்ட்ரீம். சிறிய கல்லூரிகளில் மாணவர்களில் பெரும் பங்கு ஏதோ ஒரு அணியில் ஆடுகிறவர்கள். பள்ளி முடிக்கப்போகும் ஒரு பையன், இந்தப் பயிற்சியாளர் முதலாம் ஆண்டுக்காரனை ஆட விடுகிறாரா, தப்பு செய்தவனை எப்படி நடத்துகிறார் என்று வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறான். அவனோடு சேர்ந்து நான்கு ஆண்டுக் கட்டணத்தைக் கட்டப்போகும் அப்பாவும் பார்க்கிறார். வாசலில் ஆளை நிறுத்தி டிக்கெட் கேட்டால் அவர்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

டிவிஷன் 1-இன் கணக்கே வேறு. மார்ச் மாதப் போட்டியின் ஒளிபரப்புக்கு 2025 முதல் 2032 வரையிலான நீட்டிப்பின் மதிப்பு மட்டும் 880 கோடி டாலர். அங்கே ஒவ்வொரு நிமிடமும் விற்பனைக்கு. அதைப் பார்த்து நாமும் ஏதாவது விற்கலாமே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் உங்களிடம் இருப்பது வேறு வகைப் பொருள். அது பரவினால்தான் மதிப்பு.

ஐயோவாவின் கிரின்னெல் கல்லூரியை வெளியுலகம் எப்படித் தெரிந்துகொண்டது? 2012 நவம்பர் 20 அன்று ஜாக் டெய்லர் ஒரே ஆட்டத்தில் 138 புள்ளி எடுத்தார். 108 முறை எறிந்தார், அதில் 71 மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து. அது கூடைப்பந்தா கூத்தா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை (என் ஓட்டு கூத்துக்கு, ஆனால் நல்ல கூத்து). கலிபோர்னியாவின் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமான கால்டெக் 2011 பிப்ரவரி 22 அன்று ஆக்ஸிடென்டல் கல்லூரியை 46-45 என்று வென்று, 1985-க்குப் பிறகு முதல்முறையாக ஒரு கான்ஃபரன்ஸ் ஆட்டத்தில் ஜெயித்தது. இடையில் 310 தொடர் தோல்விகள். என்.பி.ஏ. அணியான சான் அன்டோனியோ ஸ்பர்ஸுக்கு நெடுங்காலம் பயிற்சியாளராக இருந்த கிரெக் போபோவிச் கூட பொமோனா-பிட்ஸர் கல்லூரி அணியில் பயிற்சியாளராகத் தொடங்கிய காலத்தில் கால்டெக்கிடம் தோற்றவர்தான். இந்தியானாவின் டெய்லர் பல்கலைக்கழகம் உங்கள் பிரிவே அல்ல, என்.ஏ.ஐ.ஏ. என்ற வேறு அமைப்பில் ஆடுகிறது, அங்கே டிசம்பரில் ஒரு இரவு பைஜாமாவும் விசித்திர வேஷமுமாக வரும் கூட்டம், தன் அணி பத்தாவது புள்ளி எடுக்கும் வரை வாய் திறக்காது. அது விழுந்த நொடியில் கூரை இடிந்ததுபோல் கத்தும். அந்த ஊர் எங்கே என்று வரைபடத்தில் காட்டத் தெரியாதவர்கள் கூட அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறார்கள். சந்தா கட்டியா பார்த்தார்கள்?

இன்னொன்றையும் நீங்கள் மறந்திருக்க முடியாது. 2020 மார்ச் 6. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஜிம்மில் தேசியப் போட்டியின் முதல் சுற்று ஆட்டம். கொரோனா அச்சத்தால் பார்வையாளர் யாரையும் உள்ளே விடவில்லை. அமெரிக்காவில் அப்படி நடந்த முதல் ஆட்டங்களில் அது ஒன்று. நியூயார்க்கின் யூதக் கல்வி நிறுவனமான யெஷிவா காலி இருக்கைகளின் நடுவே 102-78 என்று வென்றது, அடுத்த ஆட்டத்தையும் வென்றது. ஊர் ஊராகச் சிதறியிருந்த அவர்களின் பழைய மாணவர்களுக்கு திரை ஒன்றே வழி. அடுத்த வாரம் ராண்டால்ஃப்-மேக்கனோடு ஆட வேண்டியிருந்தது. மார்ச் 12 அன்று போட்டியே ரத்தானது. அதற்கு அடுத்த குளிர்காலத்தில் பல கல்லூரிகள் பெற்றோரையும் உள்ளே விடவில்லை, தேசியப் போட்டியும் நடக்கவில்லை. அந்த நாட்களில் நீங்கள் ஸ்ட்ரீமை நம்பித்தான் எங்களைப் பிடித்துவைத்திருந்தீர்கள். அப்போது கற்றுக்கொண்ட பழக்கத்துக்குத்தான் இப்போது விலைச்சீட்டு ஒட்டுகிறீர்கள்.

வர்ஜீனியாவின் ஹாம்ப்டன்-சிட்னி கல்லூரி ரசிகர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1999 இறுதி ஆட்டத்தில் விஸ்கான்சின்-பிளாட்வில்லிடம் இரண்டு கூடுதல் நேரங்களுக்குப் பிறகு 76-75 என்று தோற்றார்கள். கால் நூற்றாண்டு கழித்து, 2024-இல் மீண்டும் இறுதிக்கு வந்தார்கள். இந்தியானாவின் ஃபோர்ட் வேனில் ஆட்டம். எதிரணி ட்ரைன் பல்கலைக்கழகம், அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் அங்கோலா ஊர்க்காரர்கள். 69-61, மறுபடி தோல்வி. அந்த 25 வருடமும் அந்த அணியைக் கைவிடாமல் பார்த்தவர்கள் இருப்பார்கள். இறுதி ஆட்டத்தை எவரும் பார்ப்பார்கள். ஜனவரி மாதச் செவ்வாய்க்கிழமைத் தோல்விகளைப் பார்க்கிறவர்களை நீங்கள் எப்படியாவது வைத்துக்கொள்ள வேண்டும்.

முழுக்க இலவசம் முடியாது என்றால் நடுவழிகள் இருக்கின்றன. இடைவேளையில் ஊர் பீட்ஸா கடைக்கும் டயர் கடைக்கும் விளம்பரம் போடுங்கள். நாங்கள் அங்கேதான் சாப்பிடுகிறோம், அங்கேதான் டயர் மாற்றுகிறோம். திரையின் ஓரத்தில் நன்கொடைப் பொத்தான் வையுங்கள்; பழைய மாணவர்கள் ஜெயித்த இரவில் கை தாராளமாக நீட்டுவார்கள். கான்ஃபரன்ஸ் இறுதிப் போட்டிக்கு மட்டும் கட்டணம் என்றால் கூட ஏற்றுக்கொள்கிறோம். ஒவ்வொரு ஆட்டக்காரரின் குடும்பத்துக்கும் நாடு பார்க்காமல், அட்டை கேட்காமல், சில இலவச அனுமதிகளாவது கொடுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், எத்தனை பேர் எங்கிருந்து பார்த்தார்கள் என்ற பழைய கணக்கை உங்கள் விளையாட்டுத் துறையிடம் வாங்கிப் பாருங்கள். அதைக் கல்லூரி இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். கணக்கு உங்கள் பக்கம் இருந்தால் நானே சந்தா கட்டிவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓஹையோவிலிருந்து ஒரு ரசிகன்

பி.கு.: எந்த முடிவு எடுத்தாலும், வர்ணனையாளரின் மைக்கை டிரம்ஸ் பக்கத்திலிருந்து தயவுசெய்து நகர்த்திவையுங்கள்.