மூடிகளை நீங்களே வரைந்து கொடுங்கள்: விமான கிட் வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வடிவமைப்பாளர்களுக்கும் கிட் தயாரிப்பாளர்களுக்கும் வணக்கம்.

உங்கள் வரைபடங்களையும், கிட் எனப்படும் பாகத் தொகுப்புகளையும் நம்பித்தான் நாங்கள் வீட்டில் விமானம் கட்டுகிறோம். கேட்க வந்தது ஒன்றுதான். உள்ளே பார்க்கவும் கைவைக்கவும் தகட்டில் விடும் திறப்புகளுக்கு, கழற்றி மாட்டக்கூடிய ஆய்வு மூடிகளை வரைபடத்திலேயே சேர்த்துவிடுங்கள். எங்கே வெட்டலாம், எவ்வளவு வெட்டலாம், எங்கே கையே வைக்கக் கூடாது என்பதையெல்லாம் எங்கள் ஊகத்துக்கு விடாதீர்கள்.

கட்டும்போது இந்தக் குறை தெரிவதில்லை, ஏனென்றால் அப்போது எல்லாப் பக்கமும் திறந்தே கிடக்கிறது. கடைசித் தகட்டை ரிவெட் அடித்து மூடிய பிறகுதான் சிக்கல். ஏலரானை (இறக்கை முனையில் அசையும் பலகை) இயக்கும் பெல்கிராங்க் என்ற நெம்புகோலின் போல்ட்டில், நட் கழலாமல் தடுக்கும் காட்டர் பின் இருக்கிறதா, அதை இயக்கும் புஷ்ராடு தண்டின் லாக்நட் தளர்ந்திருக்கிறதா, எரிபொருள் குழாய் எதிலாவது உரசுகிறதா என்று ஒவ்வொரு வருடாந்திர ஆய்விலும் பார்த்தாக வேண்டும். எட்டாத இடத்தைப் பார்ப்பது மெல்ல மெல்ல நின்றுபோகும். முன்கண்ணாடிக்கு முன்னால் உள்ள மேல்தகடு இன்னும் மோசம். கருவிப் பலகைக்கும் ஃபயர்வாலுக்கும் (எஞ்சினைப் பிரிக்கும் தீத்தடுப்புச் சுவர்) நடுவில் ஒரு கனெக்டர் கழன்றால், பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்து, கையை மேலே நீட்டித் தடவித்தான் மாட்ட வேண்டியிருக்கிறது.

அப்புறம் கட்டியவர் என்ன செய்வார்? தானே ஒரு திறப்பை வெட்டுவார். எனக்குப் பயம் அங்கேதான்.

உலோக விமானத்தின் வெளித்தகடு வெறும் போர்வை அல்ல. இறக்கை முறுக்கப்படும்போது எழும் விசையில் பெரும்பங்கை அதுதான் தாங்குகிறது. அதில் திறப்பு வெட்டினால் விசை அதைச் சுற்றிக்கொண்டு போகும், மூலைகளில் குவியும். 1954-இல் இரண்டு காமெட் ஜெட் விமானங்கள் வானிலேயே உடைந்தன. பிறகு ஃபார்ன்பரோவில் ஒரு காமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, அழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள். உலோகச் சோர்வால் அது கிழிந்தது ஒரு திறப்பின் மூலையில். நம் சின்ன விமானங்களில் கேபின் அழுத்தம் கிடையாது, சரி. ஆனாலும் கூர்மூலையில் தகைவு குவிவது இங்கேயும் அதேதான்.

மூலையை வளைத்து வெட்டி, விளிம்பை மழமழவென்று தேய்த்து, உள்ளே ஒரு டபுளர் வளையம் (திறப்பைச் சுற்றி வலுவூட்டும் கூடுதல் தகடு) ரிவெட் அடிக்க வேண்டும் என்பது அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும். அந்த டபுளர் எவ்வளவு தடிமன், எவ்வளவு அகலம், எத்தனை ரிவெட் என்பது கணக்கு. இறக்கையின் விசைகளை அறிந்த நீங்கள்தான் அதைப் போட முடியும். 'மூடியை ஸ்க்ரூ போட்டு இறுக்கினால் பழைய பலம் வந்துவிடும்' என்று பலரும் நினைக்கிறார்கள். ஸ்க்ரூவுக்கும் அதன் துளைக்கும் இடையே கொஞ்சம் இடைவெளி இருக்கும். தகடு அந்த அளவு நகர்ந்த பிறகே மூடி பாரத்தில் ஒழுங்காகப் பங்கெடுக்கும். கால் சுற்றில் பூட்டும் இணைப்பான்களைச் சாதாரணமாக அந்த வேலைக்கு நம்பவே கூடாது, அவை எஞ்சினை மூடும் கவுலிங்குக்குச் சரி. ஆகவே மூடியே இல்லை என்று வைத்துக்கொண்டு டபுளரைக் கணக்கிடுங்கள்.

உள்ளே கையை விட்டு நட் பிடிக்க முடியாததால் நட்பிளேட் (தகட்டிலேயே பொருத்திய நட்) வேண்டும், அதன் இடத்தையும் குறித்துக் கொடுங்கள். மெல்லிய தகட்டில் ஸ்க்ரூ தலை அமர கவுண்டர்சிங்க் போட்டால் (துளை வாயைச் சரிவாகக் குடைந்தால்) துளை விளிம்பு கத்திமுனையாகிவிடும், அங்கே குடையாமல் தகட்டை அழுத்திக் குழியாக்கும் டிம்பிள்தான் சரி என்பதையும் எழுதிவிடுங்கள். முன்கண்ணாடிக்கு முன்னால் வரும் மூடிக்கு கேஸ்கட் கட்டாயம். இல்லையென்றால் மழைநீர் நேராக ஏவியானிக்ஸ் (விமான மின்னணுக் கருவிகள்) மேல் சொட்டும்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கை மட்டும் நுழையும் திறப்பில் கையை விட்டதும் கண்ணுக்கு வழி அடைபட்டுவிடும். ஸ்பேனர் பிடித்த கை உள்ளே இருக்கும்போதே பார்க்கவும் இடம் வேண்டும், இல்லையென்றால் பக்கத்தில் இன்னொரு சிறு திறப்பாவது வேண்டும்.

துணி போர்த்திய இறக்கைகளில் இதற்கு அருமையான பழைய வழக்கம் உண்டு. தேவைப்படக்கூடிய இடங்களில் எல்லாம் வளையங்களை முன்கூட்டியே ஒட்டிவிடுவார்கள், எது தேவையோ அதன் உள்ளே மட்டும் பின்னாளில் வெட்டுவார்கள். உலோகத்துக்கும் இதே யோசனை பொருந்தும். நாங்கள் தகட்டை மூடுவதற்கு முன்பே டபுளரை அடித்துவிட்டால், வெட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே விற்ற கிட்களுக்கு ஒரு துணை வரைபடம் வெளியிடுங்கள். இறக்கையின் முதன்மை உத்தரமான ஸ்பாருக்கு அருகில் வெட்டக் கூடாத பகுதிகளை அதில் சிவப்பில் காட்டுங்கள். டபுளரையும் மூடியையும் வெட்டித் துளையிட்டுத் தனியாக விற்றால் காசு கொடுத்து வாங்கத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் வரைபடத்தை வைத்து விமானம் கட்டும் ஒருவர்