போதகரின் வேதனம் குறித்து மகளுக்கு

யாழ்ப்பாணம்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

ஆலயத்தின் மணிக்கூண்டைத் திருத்துவதற்காக ரொறன்ரோவிலுள்ள நம்மூரவர்கள் சேர்க்கும் பணத்தில் நீயும் உன் பங்கைக் கொடுக்கப்போவதாகச் சொன்னாய், மிகவும் சந்தோஷம். ஆனால் போதகரின் வேதனத்துக்கும் ஏதாவது ஒதுக்கலாமா என்று நான் கேட்டபோது, "அவர் அழைப்புப் பெற்று வந்தவர்தானே அப்பா, பவுலே கூடாரம் செய்துதான் பிழைத்தார்" என்று நீ சொன்ன பதில் இரண்டு நாட்களாக என் மனதை விட்டு அகலவில்லை.

அப்போஸ்தலன் பவுல் கொரிந்துவில் கூடாரத்தொழில் செய்தது உண்மைதான். ஆயினும் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 9ஆம் அதிகாரத்தை முழுவதுமாக வாசித்துப் பார். போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டக்கூடாது என்ற மோசேயின் பிரமாணத்தை எடுத்துக்காட்டி (நம் வயலில் சூடு மிதித்த மாடுகள் குனிந்து ஒரு வாய் கவ்வும்போது உன் அப்பப்பா அவற்றை அதட்டியதில்லை), சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்கு அதனாலேயே பிழைப்பு உண்டாகவேண்டும் என்பது கர்த்தரின் கட்டளை என்று நிலைநாட்டிய பிறகே, அந்த உரிமையைத் தான் பயன்படுத்தவில்லை என்கிறார். விட்டுக்கொடுப்பது அவருக்குரியது, அதைச் சாட்டாக வைத்துச் சபை கையை மூடிக்கொள்ள முடியாது. அதே பவுல் தெசலோனிக்கேயில் இருந்தபோது பிலிப்பி சபையார் அவருடைய குறைவுக்கு அனுப்பினார்களே!

இது நமக்குப் புதிய போதனையும் அல்ல. 1855இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் செயலாளர் றூபஸ் அன்டர்சன் வலியுறுத்திய கொள்கைகளுள் ஒன்று, சுதேச சபை தன் போதகரைத் தானே தாங்கவேண்டும் என்பதாகும். உன் அப்பம்மா அதைப் படித்தறிந்தவர் அல்லர். உலைக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடியை அடுப்படி மூலையிலிருந்த மண்முட்டிக்குள் போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஓலைப்பெட்டியில் ஆலயத்துக்குக் கொண்டுபோவார். எங்கள் சோற்றின் அளவு குறைந்த வாரங்களிலும் அந்தப் பிடி குறைந்ததை நான் காணவில்லை.

நான் தனாதிகாரியாயிருந்தபோது செய்த தவறையும் நீ அறியவேண்டும். நத்தாருக்கு முன் ஆலயத்துக்கு வர்ணம் பூசியதில் போதகரின் வேதனம் மூன்று மாதம் பிந்தியது. அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. மாலைகளில் குருமனை விறாந்தையில் கணித ரியூசன் தொடங்கினார். படுக்கையிலிருந்த முதியவர் ஒருவர் நற்கருணை கேட்கிறார் என்று சொல்லப் போனேன். கையில் சோக்கட்டியுடன் அவர் பிள்ளைகளையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துத் தயங்கி நின்றார். வேதாகமத்தில், தங்கள் பங்கு கிடைக்காததால் ஆலய ஊழியரான லேவியர் தத்தம் வயலுக்கு ஓடிப்போனபோது ஆளுநர் நெகேமியா கடிந்துகொண்டது லேவியரை அல்ல, அதிகாரிகளையே. அந்த அதிகாரி நான்தான் என்பது அந்த விறாந்தையில்தான் எனக்கு விளங்கியது.

மணிக்கூண்டுக்குக் கொடுப்பவர்களின் பெயர் கல்லில் பொறிக்கப்படும். போதகர் வீட்டு அரிசிக்கும் அவர் பிள்ளைகளின் கொப்பிகளுக்கும் கொடுப்பவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. அதனால்தான் அந்தக் கணக்கு எப்போதும் இளைத்துக் கிடக்கிறது. மணிக்கூண்டுக்குக் கொடுக்காதே என்று நான் சொல்லவில்லை. எண்ணியதில் பாதியை 'போதகர் வேதனம்' என்று தனியாகக் குறித்து, இயன்றால் மாதாமாதம் அனுப்பு. தனாதிகாரியிடம் பற்றுச்சீட்டு வாங்கி உனக்கு அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா