எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளம்பர நிறுவனங்கள் நம் தகவல்களைத் திரட்டுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். திரட்டிய பிறகு நம்மை வகை பிரித்து, வகைக்கு ஒரு பெயர் சூட்டுகிறார்களே, அதைக் கட்டுரை தொடவே இல்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

இளவயதில் ஒரு சந்தை ஆய்வு நிறுவனத்துக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்பியவன் நான். வீட்டில் என்னென்ன பொருள் இருக்கிறது, கடைசியாகத் துணி எடுத்தது எப்போது, 'நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று பார்த்துத்தான் வாங்குவேன்' என்பது சரியா தவறா... முக்கால் மணி நேரம் இப்படியே போகும். முடிந்ததும் தாளின் மூலையில் அந்த வீட்டின் பொருளாதார வகுப்பைக் குறிக்கும் ஓர் எழுத்தைப் போட வேண்டும். ஒருநாள், பொறுமையாக எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன ஓர் அம்மா, "என்னை என்னன்னு எழுதியிருக்கீங்க தம்பி?" என்று கேட்டார். காட்டக்கூடாது என்பது விதி. தாளை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன். நான் போட்டிருந்தது கடைசி எழுத்து. இன்றுவரை அது மனதை உறுத்துகிறது.

இந்த வேலைக்கு வயது அதிகம். 1974இல் அமெரிக்காவின் கிளாரிட்டாஸ் நிறுவனம், மக்கள்தொகைக் கணக்கை வைத்து அந்நாட்டு அஞ்சல் எண் பகுதிகளை 40 வகையாகப் பிரித்தது. இனம் இனத்தோடு சேரும் என்பதுதான் அடிப்படைக் கணக்கு. பெரும் பணக்காரர் பகுதிக்கு 'ப்ளூ ப்ளட் எஸ்டேட்ஸ்' (உயர்குடி மாளிகைகள்), நாட்டுப்புறத்தில் ஒரு வகைக்கு 'ஷாட்கன்ஸ் அண்ட் பிக்கப்ஸ்' (துப்பாக்கியும் சரக்கு வண்டியும்) என்று பெயர். 1978இல் எஸ்.ஆர்.ஐ. என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தில் ஆர்னால்ட் மிட்செல் உருவாக்கிய 'வால்ஸ்' முறை, ஆளின் மனப்போக்கையும் வாழ்க்கை முறையையும் பார்த்து 9 வகையாகப் பிரித்தது.

குழந்தை பெற்றவரிடம் குழந்தைச் சட்டை விற்பதில் எனக்கு வருத்தமில்லை. மக்களைப் பற்றிய தகவலை விற்கும் நிறுவனங்கள் குறித்து 2013 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட்டின் குழு ஒன்று வெளியிட்ட அறிக்கையில், அந்த நிறுவனங்கள் சூட்டியிருந்த பெயர்களைப் பார்த்துத்தான் திகைத்தேன். 'ரூரல் அண்ட் பேர்லி மேக்கிங் இட்': கிராமத்து ஆள், வயிற்றுப்பாடே திண்டாட்டம். 'ரிட்டயரிங் ஆன் எம்ப்டி': வெறுங்கையோடு வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவர். இளவயதில் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு 'டஃப் ஸ்டார்ட்'. இப்படிப்பட்ட பட்டியல்கள், அதிக வட்டிக்குக் கடன் கொடுப்பவர்களுக்குத்தான் தோதாக இருக்கும் என்று அந்த அறிக்கையே சொல்கிறது. கஷ்டத்தில் இருப்பவரைத் தேடிப் பிடித்து, மேலும் கஷ்டப்படுத்தக்கூடியவரிடம் முகவரியோடு கொடுக்கிறார்கள். இதை எந்தச் சொல்லால் நியாயப்படுத்த முடியும்?

அப்புறம், பெயர் ஒட்டியபின் அது ஆளை விடாது. குறைந்த வட்டிக் கடன் விளம்பரம் ஒருவர் கண்ணில் படும். இன்னொருவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவராது. தெரியாததால் வட்டிக்காரரிடம் போவார். போனதும் அவருடைய பெயர் இன்னும் உறுதியாகிவிடும்.

அன்று நாங்களாவது கதவைத் தட்டிக் கேட்டோம். அந்த அம்மாவுக்கு, தன்னைப் பற்றி ஏதோ எழுதப்படுகிறது என்றாவது தெரிந்திருந்தது. இப்போது கேட்பாரும் இல்லை, எழுதியது நமக்குத் தெரிய வழியும் பெரும்பாலும் இல்லை. 2018 மே முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில், தன்னைப் பற்றி வைத்திருக்கும் தகவலைக் கேட்டு வாங்கவும், விளம்பரத்துக்காகத் தன்னை இப்படி வகைப்படுத்துவதை நிறுத்தச் சொல்லவும் சட்டப்படி உரிமை இருக்கிறது. எல்லா நாட்டிலும் அது வேண்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். நம் இதழும் விளம்பரம் வாங்குகிறது. விளம்பரதாரர்களுக்கு அனுப்பும் கட்டணப் பட்டியலில், வாசகர்களாகிய எங்களை எந்த வகையினர் என்று எழுதியிருக்கிறீர்கள்? அந்தப் பக்கத்தை அடுத்த இதழில் அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்