பேனா டேப்லெட் இப்போதே வேண்டுமா? மகனுக்கு ஒரு கடிதம்

கோயம்புத்தூர்

அன்புள்ள செழியனுக்கு,

அம்மா எழுதிக்கொண்டது. இங்கே அனைவரும் நலம். ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்தபின் இரவு நேரத்தில் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் உருவம் செதுக்கப் பழகுகிறாய் என்று கேட்டு மகிழ்ந்தேன். ஆனால், கணினியோடு இணைத்துப் பேனாவால் வரையும் டேப்லெட் இல்லாமல் இதைத் தொடங்கவே கூடாது என்று எல்லோரும் சொல்கிறார்களே, திரையுடன் கூடிய டேப்லெட் ஒன்றைத் தவணையில் வாங்கட்டுமா என்று நீ கேட்டதற்குப் போனில் ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாமி உருவம் வைத்த நகைகளுக்குக் கணினியில் மாதிரி செதுக்கிக் கொடுப்பதே என் பிழைப்பாக இருக்கும்போது, பெற்ற பிள்ளைக்கு மட்டும் அரைகுறையாகச் சொல்லிவைப்பது முறையாகாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழகத் தொடங்குவதற்கு டேப்லெட் தேவையில்லை. கை ஓரளவு பழகி, கண் இமை, துணி மடிப்பு, தோல் சுருக்கம் போன்ற வேலைகளுக்குள் நீ இறங்கும்போது அது கட்டாயம் தேவைப்படும். அப்போதும் திரை இல்லாத சிறிய டேப்லெட்டே உனக்குப் போதும்.

தொடக்கத்தில் நீ செய்ய வேண்டிய வேலை என்ன என்று பார். ஒரு கோளத்தை எடுத்து இழுத்தும் அமுக்கியும் மண்டையின் பருமனைக் கொண்டுவருவது, தாடையை இறக்குவது, கழுத்தை அதன் உண்மையான சாய்வில் முன்தள்ளி நிறுத்துவது, பக்கவாட்டிலிருந்தும் மேலிருந்தும் தாடைக்கு அடியிலிருந்தும் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சரிசெய்வது ஆகியவையே அந்த வேலை. இதற்குப் பெரும்பாலும் பயன்படுவது, பரப்பைப் பிடித்து இழுக்கும் கிராப் பிரஷ் என்ற கருவி. எங்கே பிடித்தாய், எவ்வளவு தூரம் இழுத்தாய் என்பது மட்டுமே அதற்குக் கணக்கு. எவ்வளவு அழுத்தினாய் என்பதை அது பார்ப்பதில்லை. ஆகவே மவுஸால் இழுத்தாலும் பேனாவால் இழுத்தாலும் விளைவு ஒன்றுதான். இழுத்து இழுத்துப் பரப்பு நீண்டு கோணலாகிவிட்டால், கன்ட்ரோலையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி ரீமெஷ் செய்துகொள். பரப்பை உண்டாக்கும் சதுரங்கள் மீண்டும் ஒரே அளவில் அமைந்துவிடும். புதிதாகப் பழகுபவர்கள் செய்யும் தலைகள் பொம்மைபோல் தெரிவதற்குக் காரணம், கண்களை நெற்றிப் பக்கமாக ஏற்றி வைத்துவிடுவதும், காதுகளை முன்னால் கொண்டுவந்துவிடுவதும், பின்மண்டையைத் தட்டையாக விட்டுவிடுவதும்தான். இவற்றில் எதையும் டேப்லெட் திருத்தித் தராது, கண்ணு.

பிறகு எதற்குத்தான் டேப்லெட் என்று கேட்பாய். மவுஸுக்கு அழுத்தம் தெரியாது. பொத்தான் அழுந்தியிருக்கிறதா, இல்லையா என்பது மட்டுமே தெரியும். கோலக் குழலை உருட்டினால் முதலிலிருந்து கடைசிவரை ஒரே தடிப்பில் கோடு விழும் அல்லவா, மவுஸும் அப்படித்தான்; விரலிடுக்கில் மாவெடுத்து உன் பாட்டி இழுக்கும் சுழி போகப்போக இழையாக மெலிந்து முடியுமே, அதைப் பேனாவால்தான் செய்ய முடியும். மடிப்புக் கோடு போடும் கிரீஸ் பிரஷை எடுத்து, மவுஸைக் கொண்டு மேலிமையின் மடிப்பை ஒரே இழுப்பில் போட்டுப் பார். மூக்கோரத்தில் கோடு திடீரென்று முழு ஆழத்தோடு தொடங்கி, அதே ஆழத்தில் ஓடி, வெளிக்கடையில் கத்தியால் வெட்டியதுபோல் நின்றுவிடும். கண்ணாடியில் உன் இமையையே உற்றுப் பார்த்தால், மடிப்பு மூக்கோரத்தில் மெல்லத் தோன்றி, நடுவில் ஆழ்ந்து, கடையில் தோலோடு தோலாகக் கரைந்துவிடுவது தெரியும். இந்தத் தோன்றலும் கரைதலும் இல்லாத முகத்தில் எவ்வளவு நுணுக்கம் சேர்த்தாலும் உயிர் வராது.

மவுஸிலும் இதை ஓரளவு சமாளிக்கலாம். ஷிப்டையும் எஃப் எழுத்தையும் அழுத்தி பிரஷின் வலிமையைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கிவிட்டு, மடிப்பை ஒரே இழுப்பாகப் போடாமல், முதல் இழுப்பை முழு நீளத்துக்கும் அடுத்தடுத்த இழுப்புகளை நடுப்பகுதிக்கு மட்டும் குறுக்கிக்கொண்டே வந்து போடு. பிறகு ஷிப்டைப் பிடித்தபடி இரண்டு முனைகளையும் மெதுவாகத் தேய்த்துவிடு. கை நடுங்கினால், இழுப்பைச் சீராக்கும் ஸ்டெபிலைஸ் ஸ்ட்ரோக்கை இயக்கிக்கொள். செதில், பூ வேலை போன்ற வார்ப்புருவங்களை ஒரே இடத்தில் அழுத்தி விரித்துப் பதிக்கும் ஆங்கர்டு முறைக்கு மவுஸே தாராளம். உன் கம்பெனியில் நீ நாள்தோறும் பார்க்கும் எந்திர பாகங்களைப் போன்ற கூர்விளிம்பு உருவங்களை மாடலிங் செய்ய வேண்டுமென்றால், பேனாவைவிட மவுஸே மேல் என்று நான் சொல்வேன்.

ஆனால் இப்படி ஒவ்வொரு மடிப்புக்கும் நாலைந்து இழுப்பு இழுத்து நாள்முழுக்க வேலை செய்ய முடியாது. ஒரு லட்சுமி பதக்கத்தில் முகம் 5 அல்லது 6 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. அதை ரெசினில் பிரின்ட் எடுத்து, அந்தப் பிரின்டை அச்சுக்குள் வைத்து எரித்து நீக்கி, பொன்னில் வார்த்து, பத்தர் ராவி மெருகேற்றி முடிக்கும்போது மேலோட்டமான கோடுகள் எல்லாம் மழுங்கிப்போகும் என்பதால், இமையையும் உதட்டோரத்தையும் சற்று மிகைப்படுத்தியே செதுக்குகிறோம். மிகைப்படுத்திய கோடு கரடுமுரடாகத் தெரியாமல் இருப்பது முழுக்க முழுக்கக் கையின் அழுத்தத்தில்தான் இருக்கிறது. பொத்தானை மணிக்கணக்கில் அழுத்திப் பிடித்திருப்பதால் மவுஸில் மணிக்கட்டும் வலிக்கும். அதனால் பேனா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதற்கு இன்னும் வேளை வரவில்லை என்றுதான் சொல்கிறேன். மவுஸால் செய்த தலையைப் பார்த்து, உருவம் சரியாக இருக்கிறது, கோடுகள்தான் முரடாக இருக்கின்றன என்று உனக்கே தோன்றினால், அப்போது வாங்கிக்கொள்.

வாங்கும்போது எண்களைப் பார்த்து மயங்காதே. ஒன் பை வாகாம் என்ற சிறிய டேப்லெட்டில் எழுதும் பரப்பு 152-க்கு 95 மில்லிமீட்டர், பேனா பிரித்தறியும் அழுத்தப் படிநிலைகள் 2048. ஹ்யூயான், எக்ஸ்பி-பென் நிறுவனங்களின் பல டேப்லெட்டுகளில் 8192 என்று போட்டிருப்பார்கள். செதுக்கும் கைக்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. மின்கலம் இல்லாத பேனாவாகவும், தேய்ந்தால் மாற்றிக்கொள்ள முனைகள் கிடைப்பதாகவும் இருந்தால் போதும். சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். திரை உள்ள டேப்லெட்டுக்கு இதைப்போல் பல மடங்கு கொடுக்க வேண்டும். படம் வரைபவர்களுக்குக் கோடு விழும் இடத்திலேயே கண் இருப்பது உதவும் என்பதை மறுக்கவில்லை. செதுக்குவதிலோ இழுப்புகள் குட்டையானவை. நொடிக்கொரு முறை உருவத்தைத் திருப்பிக்கொண்டே இருப்போம். சில நேரம் நம் கையே உருவத்தை மறைத்துவிடும். என் வேலை முழுவதும் திரை இல்லாத டேப்லெட்டில்தான் நடக்கிறது, கழுத்தைக் குனிய வேண்டிய தேவையும் இல்லை. போனுக்கென்று விற்கும் ரப்பர் முனைப் பேனாக்களில் அழுத்தம் பதியாது, அவற்றில் காசைப் போடாதே. உன் அக்காவிடம் எஸ் பென் வைத்த சாம்சங் டேப் சும்மாதான் கிடக்கிறது. அடுத்த முறை வரும்போது அதில் நோமட் ஸ்கல்ப்ட் என்ற செதுக்கும் செயலியைப் போட்டுப் பேனாவின் அழுத்தம் எப்படியிருக்கிறது என்று சோதித்துப் பார்த்துவிட்டுப் போ.

வாங்கிய பிறகு முதல் சில நாள்கள் எரிச்சலாக இருக்கும், ஏனெனில் கை மேசையிலும் கண் திரையிலும் இருக்கும். மவுஸைத் தூக்கி வேறிடத்தில் வைத்தால் திரையில் அம்புக்குறி நகராது. பேனா அப்படியல்ல, டேப்லெட்டின் ஒவ்வொரு மூலையும் திரையின் அதே மூலையைக் குறிக்கும். டேப்லெட்டை இயக்கும் டிரைவர் மென்பொருளைக் கணினியில் போட்டவுடன் ஒரு வட்டம் வரைந்து பார். அது முட்டை வடிவத்தில் வந்தால் டேப்லெட்டின் பரப்பும் திரையின் அகல உயர விகிதமும் பொருந்தவில்லை என்று பொருள், டிரைவர் அமைப்பிலேயே சரிசெய்துகொள்ளலாம். அழுத்தம் வேலை செய்யவே இல்லையென்றால் பேனா பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதே. பிளெண்டரின் பிரிஃபரன்ஸஸில் இன்புட் பகுதியில் டேப்லெட் ஏபிஐ என்ற இடம் இருக்கும்; அதில் விண்டோஸ் இங்க், வின்டேப் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பேனாவின் பக்கப் பொத்தான் ஒன்றை மவுஸின் நடுப் பொத்தானாக வைத்துக்கொண்டால் உருவத்தைத் திருப்புவது எளிது.

இப்போது செலவழித்தே ஆக வேண்டுமென்றால், உருளையோடு கூடிய மூன்று பொத்தான் மவுஸ் ஒன்று வாங்கு. லேப்டாப்பின் டச்பேடில் செதுக்குவது கைக்குச் செய்யும் கொடுமை. அடுத்து, உன் லேப்டாப்பில் 8 ஜிபி ரேம்தான் இருக்கிறதென்றால் அதை 16 ஆக்கிக்கொள், ஏனெனில் உருவம் பல லட்சம் சதுரங்களைத் தாண்டும்போது முதலில் திணறுவது அதுதான். ஸீபிரஷ் என்ற செதுக்கும் மென்பொருளுக்குச் சந்தா கட்டவும் அவசரப்படாதே. இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டரில் நீ கற்றுக்கொள்வது எதுவும் வீணாகாது.

நீ செய்துவைத்திருக்கும் தலையின் பிளெண்டர் கோப்பை அப்படியே அனுப்பு. திரையைப் படம் பிடித்து அனுப்பினால் என்னால் திருப்பிப் பார்க்க முடியாது. காதுகளை இப்போதைக்குத் தொடாதே, கழுத்தை மட்டும் பக்கவாட்டுப் படத்தோடு ஒப்பிட்டு ஒருமுறை திருத்திவிட்டு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை, உட்கார்ந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா