தொழுமரம் வேண்டாம்

குளித்தலை

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய படங்களும் விசா படிவமும் வந்து சேர்ந்தன. படிவத்தை அலமாரியில் வைத்துவிட்டு, இத்தாலியின் கமால்தோலி மடத்துப் படங்களை மட்டும் அம்மாவும் நானும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். ஊசியிலை மரங்களுக்கு நடுவே வரிசையாகச் சின்ன வீடுகள், ஒவ்வொன்றுக்கும் மதில் வைத்த தோட்டம். துறவிக்கு ஒரு வீடு என்று எழுதியிருக்கிறாய். தண்ணீர்பள்ளியில் நீ சைக்கிள் பழகிய பக்கம் இருக்கிறதே சாந்திவனம், அந்தக் கிறிஸ்தவ ஆசிரமமும் கமால்தோலித் துறவிகளின் சபைதான் தெரியுமா?

சபையைத் தொடங்கிய ரோமுவால்து, ரவென்னா நகரத்துப் பெரிய இடத்துப் பிள்ளை. மேய்ச்சல் நிலத் தகராறில் அவருடைய தகப்பன் செர்ஜியுஸ் சொந்தக்காரனையே கொன்றுவிட்டார். கூட நின்ற பாவத்துக்காக நாற்பது நாள் தவமிருக்கப் போன பையன் மடத்திலேயே தங்கிவிட்டான். வரப்புச் சண்டையில் உன் பெரியப்பாவோடு பத்து வருடம் பேசாதிருந்தவன் நான். இந்த இடம் வந்தால் எனக்கு உறுத்தும். பிற்பாடு தகப்பனும் துறவியானார். கொஞ்ச நாளில் மனம் மாறி வீட்டுக்குக் கிளம்பப் பார்த்தார். தூரதேசத்தில் இருந்த மகனுக்குச் செய்தி எட்டியது. வெறுங்காலோடு நடந்து வந்து, தகப்பனின் காலைத் தொழுமரம் என்ற மரக்கட்டையில் மாட்டி, சங்கிலி போட்டு, அடித்து வழிக்குக் கொண்டுவந்தாராம். அவருடைய வாழ்க்கையை எழுதிய பேதுரு தமியான் இதைப் பெருமையாகவே எழுதிவைத்திருக்கிறார். புனிதரே ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை.

அந்த ரோமுவால்துதான் ஆயிரம் வருடத்துக்கு முன் கமால்தோலியை ஏற்படுத்தினார். மேலே தனித்திருப்பவர்கள், மூன்று கிலோமீட்டர் கீழே கூடி வாழ்பவர்களின் மடம். சபைச் சின்னத்தில் ஒரே கிண்ணத்தில் இரண்டு புறாக்கள் குடிப்பது இதனால்தான்.

சாந்திவனத்தின் கதை வேறு. குளித்தலையில் பங்குச் சாமியாராக இருந்த மோன்ஷானேனும், ஆசீர்வாதப்பர் சபைத் துறவி லெ சோவும் 1950இல் காவிரிக்கரை மாந்தோப்பில் குடிசை போட்டார்கள். இருவரும் பிரான்சுக்காரர்கள், காவி உடுத்தினார்கள், தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சீடர்கள் வருவார்கள் என்று காத்திருந்ததுதான் மிச்சம். மோன்ஷானேன் 1957இல் பாரிசில் இறந்தார். லெ சோ 1968இல் இமயத்துக்கே போய்விட்டார். அதே வருடம் கேரளத்துக் குரிசுமலை ஆசிரமத்திலிருந்து இங்கிலாந்துத் துறவி பீட் கிரிஃபித்ஸ் வந்து இடத்தை எடுத்து நடத்தினார். அதன் பிறகுதான் கூட்டம் வந்தது. 1980களில் கமால்தோலியோடு உறவும் ஏற்பட்டது. வெள்ளைத் தாடியும் காவியுமாக அவரை நானே பார்த்திருக்கிறேன். 1993இல் இறந்தவரை அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

நாம் கடம்பர் கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனாலும் சாந்திவனத்தில் காலையில் சந்தனம், நடுப்பகலில் குங்குமம், மாலையில் திருநீறு கொடுப்பார்கள் என்பதால் அம்மாவுக்கு அந்நியமாகத் தோன்றியதே இல்லை. நேற்று மாலையும் போய் நெற்றி நிறையத் திருநீறோடு வந்தாள்.

கடல் தாண்டி வந்து இந்த ஆற்றங்கரையிலேயே மண்ணானவர் அந்த வெள்ளைக்காரர். இங்கேயே பிறந்த என்னை நீ அங்கே கூப்பிடுகிறாய். படிவத்தில் கையெழுத்துப் போட இன்னும் மனம் வரவில்லை. அதற்காகத் தொழுமரத்தோடு கிளம்பி வந்துவிடாதே.

மடத்தில் பழைய மருந்துக்கடை ஒன்று இருக்கிறதாமே. அடுத்த முறை போனால் முட்டிவலிக்குத் தைலம் கிடைக்குமா என்று கேள். அம்மா இரவெல்லாம் தூங்குவதில்லை.

அன்புடன்,
அப்பா